இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு தடி கிடக்கிறது. இரண்டரை அடி நீளம். முறிந்துபோன துடுப்பொன்றின் கைப்பிடிப் பக்கம் அது. பிடிக்கும் இடத்தில் பச்சை நைலோன் நூல் நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. அடியிலிருந்து நாலு விரல் மேலே குறுக்காக ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய், அதற்குக் கீழே வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் நாலு. குழாயின் இரண்டு நுனியிலும் இருந்து வயர்கள் புறப்பட்டு, எங்கும் போய்ச் சேராமல், ஒரு முழத்தில் அறுந்து தொங்குகின்றன. தூசி தட்டுவதற்காக மனைவி அதைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே ஓர் உருக்குக் குண்டு உருண்டுபோய் 'டொக்' என்று நுனியில் முட்டும். எனக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுகிறவர்கள். இந்தச் சத்தம் மட்டும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். ரீவி கேம் விளையாடுகிற பிடி என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்றைக்குப் பிள்ளைகள் கையை வீசி, உடம்பைச் சாய்த்து விளையாடுகிற சாமான்களைக் கடையில் வாங்குகிறார்கள். நான் அப்படியொன்றை எண்பத்தாறாம் ஆண்டிலேயே குருநகரில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து செய்து முடித்துவிட்டேன். அப்போது நான் பட்டணத்தில் ஒரு றேடியோக் கடையில் திருத்துவேலை பார்த்தேன். வேலையில் கெட்டிக்காரன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக நான் இதைச் செய்யவில்லை. என் மாமனாரை என்னோடு கதைக்க வைப்பதற்காகச் செய்தேன்.

நான் இணுவிலில் பிறந்தவன். வீட்டுக்கு முன்னால் வெங்காயம், பின்னால் புகையிலை, கோயில் மணிக்கு எழும்பிக் கோயில் மணிக்குப் படுக்கிற குடும்பம். என் மனைவி குருநகர் வேதக்கார வீட்டுப் பிள்ளை, தகப்பனுக்குக் கடற்றொழில். உப்புக்காற்றில் துருப்பிடித்த றேடியோவொன்றைத் திருத்தக் கொண்டுவந்துதான் அவள் எனக்கு அறிமுகமானாள். அந்த றேடியோவை மூன்று தடவை திருத்தினேன். மூன்றாம் தடவை அதில் பழுதே இருக்கவில்லை. பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சாதி, சமயம் இரண்டையும் ஒரே நாளில் மிதித்துக்கொண்டு போய்ப் பதிவுத் திருமணம் செய்தோம். எங்கள் வீட்டுப் படியை இரண்டு வருடம் நான் மிதிக்க முடியவில்லை. அவள் வீட்டில் மாமி மட்டும் மகளின் கண்ணீரைப் பார்த்துக் கதவைத் திறந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறினேன்.

மாமா என்னைத் துரத்தவில்லை. அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. என்னோடு கதைக்காமல் விட்டுவிட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் 'இணுவில்'. அதையும் என்னைக் கூப்பிடுவதற்காக வைக்கவில்லை, என்னைப் பற்றி மற்றவர்களோடு கதைப்பதற்காக வைத்தார். சாப்பாட்டுக்கு இருந்தால் எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை தூரம்தான் இருக்கும். "பிள்ளை, இணுவிலுக்குக் குழம்பு காணுமோ எண்டு கேள்" என்பார். மனைவி என்னைப் பார்த்து, "காணுமோ?" என்பாள். நான், போதும் என்று தலையாட்டி, "காணும்" என்பேன். "காணுமாம் அப்பா" என்று அவள் அதைத் திருப்பிக் கொடுப்பாள். வந்த புதிதில் மீன் சாப்பிடத் தெரியாமல் எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. நான் கண் பிதுங்கி நிற்கிறேன், அவர் மகளைப் பார்த்து, "இணுவிலை வெறுஞ்சோத்தை உருட்டி விழுங்கச் சொல்லு" என்கிறார். முள் இறங்கிவிட்டது. அந்த மனிதர் ஒரு தடவையாவது தன் வாயால் என்னை 'மருமோன்' என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தொண்டையிலேயே நின்றுகொண்டது.

அந்த வருடம் சண்டை காரணமாகக் கடலில் இறங்கத் தடை. கரை முழுக்க வள்ளங்கள் மணலில் கிடந்தன. மாமாவிடம் சொந்த வள்ளம் இருந்தது, அதனால் கரையில் எல்லோரும் அவரைச் 'சம்மாட்டி' என்று அழைப்பார்கள். அந்தச் சம்மாட்டி காலையில் எழும்பிக் கரைக்குப் போய், வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, திரும்பி வந்து பொத்தல் இல்லாத வலையைப் பொத்துவார். வேலை இல்லாத கை என்ன செய்யும்? யன்னல் கொளுக்கியை இழுத்தால் கொளுக்கி கையோடு வந்தது. கிணற்றுக் கப்பியைத் திருகினால் கப்பி உடைந்தது. மாமி, "அந்தோனியாரே, இந்த மனுசனைக் கடலுக்கு அனுப்பு, இல்லாட்டி வீடு மிஞ்சாது" என்று வாய்விட்டே மன்றாடினார்.

அப்போதுதான் ஜேர்மனியில் இருந்த மைத்துனர், மாமாவின் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ரீவி கேம் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். ரீவியையும் முன்னமே அனுப்பியிருந்தவர் அவர்தான். பெட்டியோடு வந்த கசெற் ஒன்றில் வள்ளம் ஓட்டுகிற விளையாட்டு இருந்தது. நீலத் திரை. கீழே வெள்ளையாய் ஒரு வள்ளம். மேலேயிருந்து கறுப்புக் கல்லுகள் இறங்கி வரும். இடமும் வலமும் திருப்பி, முட்டாமல் போக வேண்டும். "என்ன கண்டறியாத சாமான்" என்று சொல்லிவிட்டு மாமா முற்றத்துக்குப் போனார். போனவர் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்ததை நான் கவனித்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால், என் மேசையில் சொல்டரிங் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிச் சோசர். அதற்குள் அந்த ஜேர்மன்காரப் பிடி, அடியோடு முறிந்து இரண்டு துண்டாய்க் கிடந்தது. மாமி காதோடு காதாகச் சொன்னார்: "அவர்தான். பின்னேரம் முழுக்க அதோடை மல்லுக்கட்டினவர். ஒண்டும் கேளாதையும் தம்பி." நான் எதற்குக் கேட்கிறேன்? என் மனம் துள்ளியது. பதின்மூன்று மாதமாக என்னிடம் ஒரு சொல் கேட்காத மனிதர், உடைந்த சாமானைச் சோசரில் வைத்து என் மேசைக்கு அனுப்பியிருக்கிறார். ஒட்டித் தா என்று கேட்பதற்கு அதைவிட வேறு எப்படி அவரால் கேட்க முடியும்!

ஒட்டித் தரலாம். ஆனால் அந்தப் பிடி ஒரு சுண்டுவிரல் தடிப்பு. மாமாவின் உள்ளங்கை ஒரு சின்னத் தாச்சிச் சட்டி அளவு. ஒட்டினாலும் நாளைக்கே திரும்பச் சோசருக்குள்தான் வரும். அவருடைய கைக்கு ஏற்றதாய், முழுக்கையையும் போட்டு ஆட்டக்கூடியதாய் நானே ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்தேன். பழைய பிடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வித்தை ஒன்றும் இல்லை. இந்த வயரும் பொது வயரும் தொட்டால் வள்ளம் இடப்பக்கம் போகிறது, அந்த வயரும் பொது வயரும் தொட்டால் வலப்பக்கம் போகிறது. அட கோதாரி, இவ்வளவுதானா! தடியொன்றைச் சாய்க்கும் பக்கத்துக்கு வயர்கள் தாமாகத் தொட வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் போதும்.

வீட்டுக்கு வயர் இழுக்கிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் வெட்டினேன். இரண்டு நுனியையும் தக்கையால் அடைத்து, தக்கைக்கு இரண்டு ஆணியாக உள்ளே குத்தி, ஆணிகளில் வயர்களைத் தொடுத்தேன். லொறிப் பெயரிங்கில் இருந்து ஓர் உருக்குக் குண்டை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி உள்ளே போட்டேன். குழாயைச் சாய்த்தால் குண்டு உருண்டு போய் இரண்டு ஆணிக்கும் நடுவில் விழும். ஆணிகள் தொட்டுக்கொள்ளும், வள்ளம் திரும்பும். செய்து பார்த்தபோது சந்தோசத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நேராப் போகாதோ?" என்று கேட்டாள். போகவில்லை. குண்டு ஒன்றில் இந்த நுனியில் கிடந்தது, அல்லது அந்த நுனியில் கிடந்தது. நடுவில் நிற்கிற பழக்கமே அதற்கு இல்லை. வள்ளம் குடிகாரனைப் போல் சுவருக்குச் சுவர் முட்டியது.

மூன்று நாள் மண்டையைப் போட்டுக் குடைந்தேன். நாலாம் நாள் மழை. கரைப்பக்கமாகச் சைக்கிளில் வரும்போது மாமாவின் வள்ளத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் வள்ளத்தின் அடியில் நடுவாகத் தேங்கிக் கிடந்தது. யாரோ ஒருவர் வள்ளத்தில் சாய்ந்தார், தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. அவர் எழும்பினார், தண்ணீர் திரும்பவும் நடுவுக்கு வந்தது. சைக்கிளை நிறுத்தாமலே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழாயை மெழுகுதிரியில் காட்டி, நடுப்பகுதி கீழே பதியும்படி இலேசாக வளைத்தேன். பிறகு குண்டு தானாக நடுவில் வந்து இருந்தது. சாய்த்தால் ஓடியது, நிமிர்த்தினால் திரும்பியது. வீட்டுக்குப் பின்னால் கோடியில் கிடந்த முறிந்த துடுப்பை வெட்டி, அதன் அடியில் குழாயைக் குறுக்காகப் பூட்டினேன். தடியின் அடியை நிலத்தில் ஊன்றி, இடப்பக்கம் சாய்த்தால் வள்ளம் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். எவ்வளவு ஒழுங்கு!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மருமகன் சம்மாட்டிக்கு வீட்டுக்குள்ளேயே கடல் செய்து கொடுத்திருக்கிறானாம் என்று மாமிதான் கோயிலில் சொல்லியிருக்கிறார். மாமா வெள்ளைச் சேட்டோடு ரீவிக்கு முன்னால் இருந்த பலகையில் குந்தினார். தடியைத் தன் வலப்பக்கத்தில் ஊன்றிப் பிடித்தார். பிடித்த விதத்தைப் பார்த்தபோது, அது என்ன என்று யாரும் சொல்லாமலே அவர் கைக்கு விளங்கியிருந்தது தெரிந்தது. சுக்கான் பிடிக்கிற கை அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரீவிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இடப்பக்கத்தில் ஒரு கல் வந்தது. மாமா தடியை அசைத்தார். வள்ளம் நேரே போய்க் கல்லில் மோதி உடைந்தது. திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் உடைந்தது. மூன்றாம் தரம் தடியை இரண்டு கையாலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் சாய்த்தார். வள்ளம் தேடிப்போய்க் கல்லில் ஏறியது. "என்ன சம்மாட்டி, கரையிலை இருந்துகொண்டே வள்ளத்தை உடைக்கிறாய்?" என்றார் ஒருவர். "முப்பது வருசம் சுக்கான் பிடிச்ச கை, பார்த்தியளோ!" என்றார் மற்றவர். அறை குலுங்கச் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்தது. தடியை மெதுவாக நிலத்தில் கிடத்திவிட்டு எழும்பினார். என்னை, என் கண்ணையே, பார்த்தார்.

"டேய் இணுவில், நீ கடலைக் கண்ணாலை கண்டிருக்கிறியோடா?"

அவ்வளவுதான். சேட்டைக் கழற்றிக் கொடியில் எறிந்துவிட்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. கேட்டால் வெட்கக்கேடு, எல்லோருக்கும் முன்னால் மூக்குடைபட்டு நிற்கிற அந்த வேளையிலும் என் மனத்தின் ஒரு மூலை, 'பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாக நேரே என்னோடு கதைத்துவிட்டார்' என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. மனைவி அந்த மூலையையும் விட்டுவைக்கவில்லை. "நாலு பேருக்கு முன்னாலை அப்பாவின்ரை மானத்தை வாங்கிப்போட்டியள். தொழிலும் இல்லாமல் இருக்கிற மனுசன். உந்தப் பேர் ஒண்டுதானே அவருக்கு மிச்சம்!" என்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்கள் ஒரு நாளெண்டாலும் வள்ளத்திலை ஏறியிருக்கிறியளோ?" ஏறியதில்லை. ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற 'பாதை' என்ற மிதவையில் ஏறி, கரை தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்தவன் நான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் கரைக்குப் போனேன். மாமா அங்கே இல்லை. வள்ளத்தில் ஏறிப் பின்பக்கம் போய், சுக்கானின் பிடியைக் கையில் எடுத்தேன். வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்ததால் சுக்கான் பலகை கீழே அந்தரத்தில் தொங்கியது. பிடியை இடப்பக்கம் தள்ளினேன். எட்டிப் பார்த்தால், பலகை வலப்பக்கம் போயிருந்தது. திரும்பத் தள்ளினேன். திரும்பவும் அப்படியே. பலகை வலப்பக்கம் போனால் வள்ளத்தின் தலையும் வலப்பக்கம்தான் திரும்பும். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாமா ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் பிடித்தார். கல் இடப்பக்கம் வர, வள்ளத்தை வலப்பக்கம் எடுக்கத் தடியை இடப்பக்கம் தள்ளினார். தோட்டக்காரன் செய்த கடல் அவரை இடப்பக்கமே கொண்டுபோய் மோதியது. ஜேர்மன்காரப் பிடி முறிந்ததும் இதனால்தான். அதுவும் என்னைப் போலவே கடல் தெரியாமல் பிறந்தது, அவர் சரியான பக்கத்துக்குத் தள்ளத் தள்ள அது பிழையான பக்கத்துக்கே போயிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"செருப்பு."

பின்னால் மாமா நின்றார். குனிந்து பார்த்தால் நான் செருப்போடு வள்ளத்துக்குள் நிற்கிறேன். கோயிலுக்குள் செருப்போடு போனாலும் அந்த மனிதர் பொறுப்பார், வள்ளத்துக்குள் பொறுக்கமாட்டார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்து, "இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். பால்குடிக்குத் தெரியும்" என்றார். இந்தத் தடவை என்னோடு கதைத்தாரா கடலோடு கதைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு வயர்களையும் மாற்றிச் சொல்டர் வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஈயம் ஆறுவதற்குள் மாமி ஒரு சின்னப் போத்தலோடு வந்துவிட்டார். "புது வள்ளத்தை மந்திரிக்காமல் கடலிலை இறக்கலாமோ? அதுதான் உடைஞ்சது" என்று சொல்லித் தடியின்மேல் தீர்த்தம் தெளித்தார். "மாமி, மாமி, தண்ணி படக்கூடாது!" என்று நான் கத்தினேன். "தீர்த்தமும் தண்ணியும் ஒண்டோ?" என்றார் மாமி. துணியால் துடைத்துவிட்டு, என் பக்கத்துப் பிள்ளையாரையும் ஒருதரம் நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கத்து உதவியும் தேவைப்பட்ட வேலை அது.

ஆனால் மாமாவைத் திரும்பப் பலகையில் குந்த வைப்பது எப்படி? வா என்றால் வருகிற ஆள் இல்லை. அவர் யன்னலுக்கு வெளியே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நானே தடியோடு குந்தினேன். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. எனக்கு இப்போது எல்லாம் மாறிக் கிடந்தது. கல் வந்த பக்கமெல்லாம் நானே போய் மோதினேன். ஒன்று, இரண்டு, ஐந்து வள்ளம் போயிருக்கும். வெளியே வலை ஊசி நின்றது. "மற்றப் பக்கம்" என்று ஒரு முனகல் கேட்டது. நான் இன்னொரு வள்ளத்தை உடைத்தேன். "மற்றப் பக்கமடா!" நான் இன்னொன்றை உடைத்தேன். "ஐயோ, விசரா, வள்ளத்தை உடைக்கிறான், வள்ளத்தை உடைக்கிறான்!" என்று கத்திக்கொண்டு மாமா உள்ளே வந்து, என்னைத் தோளில் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தடியைப் பறித்தார்.

கல் இடப்பக்கம் வந்தது. மாமா தடியை இடப்பக்கம் தள்ளினார். உள்ளே குண்டு உருண்டது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு வள்ளம் வலப்பக்கம் சாய்ந்து கல்லைக் கடந்தது. அடுத்த கல்லையும் கடந்தது. அவருடைய தோள் இறங்கியது. முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல மெல்லக் கழன்றது. குண்டு உருண்டு போகப் பிடிக்கிற அந்த ஒரு கணத் தாமதம்தான் என் வேலையில் பெரிய குறை என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். திருத்திவிடலாம் என்று வாயெடுத்தேன். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தொடாதையும். வள்ளம் எண்டால் உடனை திரும்பாது. திரும்ப நேரம் எடுக்கும். உது சரி." நான் மாமியைப் பார்த்தேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையின் நல்ல மாதங்கள். வெளியே நாடு கிடந்த கிடைக்கு இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மை அது. வேலை முடிந்து சைக்கிளை நிறுத்த முன்னமே மாமா வாசலில் ஒரு குறையோடு நிற்பார். "இணுவில், பாரம் காணாது. வெறுந்தடி மாதிரிக் கிடக்கு." ஈயக்குண்டு கட்டினேன். "கை வழுக்குது." நான் எழும்ப முன்னமே அவரே நைலோன் நூலை எடுத்து, அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சில் தொடங்கி, பிடி முழுக்கச் சுற்றினார். "பலகை அசையேல்லை. அசையாத வள்ளம் எங்கையடாப்பா இருக்கு?" லொறி ரியூப்பொன்றில் அரைவாசிக் காற்றடித்துப் பலகைக்குக் கீழே வைத்தேன். கடைசியில், "காத்து இல்லாமல் என்ன கடல்?" என்றார். மேசை ஃபானை அவருக்கு இடப்பக்கத்தில் வைத்துத் திருப்பிவிட்டேன். சிரித்தார். அடுத்த ஞாயிறு அதே கூட்டாளிகள் வந்தார்கள். மாமா அரை மணித்தியாலம் ஒரு கல்லிலும் முட்டாமல் ஓட்டினார். பிறகு அவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குந்தினார்கள். ஒருவர்கூடப் பக்கம் மாறித் தள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும், "உது பிழையாத் திரும்புது" என்று முறைப்பாடு வைத்தார்கள். "நீங்கள்தான் பிழை" என்றார் மாமா.

இவ்வளவுக்கும் பிறகும் நான் 'இணுவில்'தான். கதைத்தார், சிரித்தார், தன் பங்கு மீன் தலையை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். கரையில் யாராவது என்னை யார் என்று கேட்டால், "உவர் இணுவில், மகளின்ரை ஆள்" என்பார். அந்தச் சொல் வரவில்லை. மகள் பிறந்தாள். அவள் அழும்போதெல்லாம் மாமா தடியை எடுத்து மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பார். குண்டு உருளும் சத்தத்தில் பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு அமைதியாகும். தொண்ணூறில் கரண்ட் போயே போய்விட்டது. ரீவியை மூடிக் கட்டினோம், கேம் பெட்டிக்குள் எறும்பு குடிவந்தது. நான் வயர்களை வெட்டித் தடியை மட்டும் எடுத்தேன். மாமா அதைக் கூடத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார். பேத்தி நடக்கத் தொடங்கியதும் அவள் கைக்கு எட்டும்படி ஆணியைக் கீழே இறக்கி அடித்தார். நானும் அந்தச் சொல்லுக்கு ஆசைப்படுவதை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி பட்டணத்தை நெருங்க, எல்லோரையும் போல நாங்களும் வெளிக்கிட்டோம். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். சனம் நெரிந்த தெருவில் நான் மகளைத் தூக்கியிருந்தேன், மனைவி உடுப்பு மூட்டையைச் சுமந்தாள், மாமியிடம் செபமாலையும் அரிசியும் இருந்தன. மாமாவின் தோளில் பாயால் சுற்றிய ஒரு பொதி. வள்ளத்தை விட்டுவிட்டு வருகிற மனிதரிடம் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. மறுநாட் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் பதியும் வரிசையில் நின்றோம். மேசையில் இருந்த பெடியன் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். மாமா பொதியைத் தோள் மாற்றினார். உள்ளே 'டொக்' என்றது. பாய் விலகி, அறுந்த வயர்கள் வெளியே தொங்கின.

வரிசை ஒரு பாகம், ஆறடி தூரம், பின்னுக்குப் போனது. வயர், குழாய், உள்ளே உருளுகிற ஏதோ ஒன்று. அந்த நாட்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால் யார்தான் நிற்பார்கள்? பெடியன் பேனையைக் கீழே வைத்தான். "ஐயா, உது என்ன?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டான். நான் பதில் சொல்ல முன்னமே மாமா பாயை முழுக்க விலக்கித் தடியை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பயப்பிடாதையுங்கோ. உது சுக்கான். என்ரை மருமோன் செய்து தந்தவர்."

தடி செய்து ஒன்பது வருடம். அத்தனை சனத்துக்கு நடுவில், வீடில்லாமல், நாளைக்கு எங்கே என்று தெரியாமல் நின்றுகொண்டு, நான் சந்தோசத்தில் அழுதேன். துன்பத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு கிழவி என் முதுகைத் தடவினார். பெடியன் தடியை வாங்கி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, சிரித்து, திருப்பிக் கொடுத்தான். மாமா அதைப் பாயில் சுற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இணுவில், ஏன் நிண்டு மூக்கைச் சிந்துறாய்? பிள்ளைக்குத் தண்ணி வாங்கியா" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அவர் என்னை 'மருமோன்' என்று சொல்லிக் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவும் இல்லை.

போன மாதம் மகள் பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து வந்தாள். கையில் பிடித்து ஆட்டி விளையாடுகிற ஒரு சாமான் கொண்டுவந்திருந்தாள். அதிலும் ஒரு வள்ளம். எனக்கும் விளையாடத் தந்தார்கள். இடப்பக்கம் கல் வந்தது, நான் பிடியை இடப்பக்கம் தள்ளினேன், நேரே போய் மோதினேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள், "இருங்கோ அப்பா, மாத்திவிடலாம்" என்று எதையோ அமத்தினாள். பிறகு இடப்பக்கம் தள்ள வலப்பக்கம் போனது. அதற்கென்றே உள்ளுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். செய்தவர்களில் யாருக்கோ ஒரு சம்மாட்டி மாமனார் இருந்திருப்பார் போலும். ஆனால் அது உடனே திரும்புகிறது. தள்ள முன்னமே திரும்புகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கதிரையில் ஏறி அலுமாரியின் மேலிருந்து தடியை எடுத்தேன். நூல் சுற்றிய இடத்தில் பிடித்து, அடியை நிலத்தில் ஊன்றி, இடப்பக்கம் தள்ளினேன். சத்தம் இல்லை. குண்டு துருவேறி ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். பிறகு அது அசைந்து, உருண்டு, நுனியில் போய் முட்டியது. குசினியிலிருந்து மனைவி, "அப்பாவின்ரை சுக்கானோடை உங்களுக்கு என்ன விளையாட்டு, சாப்பிட வாங்கோ" என்றாள். நான் இன்னும் ஒரு தரம் தள்ளிவிட்டுப் போனேன்.